ஏரிக்கு ஒரு வாரியம்



புதுச்சேரியிலிருந்து விழுப்புரத்திற்குச் செல்லும் பெருவழியில் திருபுவனை என்னும் ஊர் இருக்கிறது. பேருந்தில் அவ்வழியே செல்வோர் அதனைத் தொழிற்பேட்டை உள்ள ஊர் என்றே இன்று அறிவர். ஆனால் அங்குள்ள பழம்பெரும் பெருமாள் கோயிலின் சுவர்கள் வேறொரு செய்தியைச் சொல்லுகின்றன. சோழர் காலத்தில் அவ்வூர் திரிபுவனமாதேவிச் சதுர்வேதிமங்கலம் எனப் பெயர் பெற்றிருந்தது. 1048-ஆம் ஆண்டைச் சேர்ந்த முதலாம் இராசாதிராசன் காலத்துக் கல்வெட்டு, அவ்வூரில் ஒரு கல்லூரி நடைபெற்றதைக் கூறுகிறது. அதில் பயின்ற மாணவர் 260 பேர்; ஆசிரியர் 12 பேர். அவர்களுக்கு உணவும் ஊதியமும் அளிக்க நிலங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன.

அந்தக் கல்வெட்டில் என் கருத்தைக் கவர்ந்த பகுதி வேறொன்று. கல்லூரியைச் சேர்ந்த ஆசிரியரும் மாணவரும் ஊரின் வாரியங்களில் பணியாற்ற வேண்டுவதில்லை என்று ஊர் அவர்களுக்கு விலக்கு அளித்தது. வாரியம் என்பது, ஊர்ப் பொதுக்காரியங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டு நடத்திய குழு. படிப்பவர்க்கும் படிப்பிப்பவர்க்கும் மட்டும் விலக்கு என்று கல்லிலே வெட்டிவைக்க வேண்டியிருந்தது என்றால், அதன் பொருள் என்ன? விலக்குப் பெறாதோரை அக்கடமை எந்நேரமும் தேடிவரக்கூடும் என்பதே பொருள். கடமை இருந்த இடத்தில்தானே விலக்கு வேண்டும்? இன்று நம் ஊர்களில் ஏரிக்காக எவரும் விலக்குக் கேட்பதில்லை. ஏனெனில் எவரையும் எவரும் அழைப்பதில்லை. இதைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

"இயற்கைவழித் தீர்வுகள்" என்றொரு சொற்றொடர் இக்காலத்தில் அறிஞர் அவைகளில் பெரிதும் வழங்குகிறது. 2022-ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் பேரவை அதற்கு ஓர் இலக்கணமும் வகுத்தது. வெள்ளம், வறட்சி, வெப்பம் முதலிய இன்னல்களைக் காடு, சதுப்பு, ஆறு, குளம் முதலிய இயற்கை அமைப்புகளைக் காத்தும் சீர்செய்தும் எதிர்கொள்ளுவது, அதனால் மக்களும் உயிரினங்களும் ஒருங்கே நலம் பெறச் செய்வது என்பது அதன் சாரம். பெயர் புதிது, பொருள் நமக்குப் பழையது. நம் நாட்டு ஏரி அதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு.

ஏரி என்பது நீர் தேங்கும் பள்ளம் மட்டும் அன்று. மழைநீரைத் திரட்டிக்கொண்டுவரும் வரத்து வாய்க்கால், நீரை ஏந்தி நிற்கும் கரை, அளவாகத் திறந்துவிடும் மதகு, மிகுநீரைக் கரைக்குத் தீங்கின்றி வெளியேற்றும் கலிங்கல் ஆகிய நான்கும் சேர்ந்ததே ஏரி. ஓர் ஏரியின் கலிங்கலில் வழிந்த நீர் அடுத்த ஏரிக்கு வரத்தாகும். இவ்வாறு ஏரிகள் சங்கிலிபோல் பிணைந்து கிடக்கின்றன. செஞ்சிப் பகுதி மலைகளிலிருந்து வரும் சங்கராபரணியின் நீர் சுத்துக்கேணி வாய்க்கால் வழியே ஊசுட்டேரிக்குச் செல்லுகிறது. தென்பெண்ணையின் நீர் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியே பாகூர் ஏரிக்கு வருகிறது. ஆற்று வெள்ளத்தின் விரைவை அடக்கி, அதனைப் பல மாதங்களுக்குப் பயன்படும் சேமிப்பாக மாற்றும் ஏற்பாடு இது.

கணக்கில் ஆர்வமுள்ள மாணவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு ஹெக்டேர் நிலத்தின்மேல் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் விழும் நீர் ஒரு லட்சம் லிட்டர். ஊசுட்டேரியின் பரப்பு, புதுச்சேரியிலும் தமிழ்நாட்டிலுமாக ஏறத்தாழ 800 ஹெக்டேர். அதன் அடியில் ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கு வண்டல் படிந்தால், எட்டுக் கோடி லிட்டர் நீருக்குரிய இடம் போய்விடுகிறது. விரற்கடை வண்டலின் விலை இவ்வளவு! எனவேதான் முன்னோர் ஏரி வெட்டுவதற்குத் தந்த சிறப்பினை ஏரி தூர்வாருவதற்கும் தந்தனர். வண்டலை வாரி எடுப்பதற்கென்றே ஓடம் இயக்கக் கொடை அளித்த செய்தியைத் தொண்டைமண்டலக் கல்வெட்டுகளில் காண்கிறோம்.

இந்தப் பழைய ஏற்பாடு இன்று நமக்கு ஏன் வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். காற்றின் வெப்பம் ஒரு பாகை செல்சியஸ் உயர்ந்தால், அது ஏந்தக்கூடிய நீராவியின் அளவு ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு பங்கு கூடுகிறது. உலகம் வெப்பமடைந்துவரும் இந்நாளில், நாட்கணக்கில் பரவிப் பெய்யவேண்டிய மழை மணிக்கணக்கில் கொட்டித் தீர்ந்துவிடுவது மிகுந்துவருகிறது. 2024-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் நாள் இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. ஆண்டு முழுவதும் நமக்குக் கிடைக்கும் மழையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அது. நகரின் தெருக்களில் வெள்ளம் புகுந்தது. மக்களை மீட்கப் படைவீரர்கள் வரவேண்டியதாயிற்று. அடுத்த இரண்டொரு நாட்களில் தென்பெண்ணையில் பெருகிவந்த நீர் பாகூர்ப் பகுதிச் சிற்றூர்களைச் சூழ்ந்தது. நீரில்லாத கோடையும், நீர் தாங்காத கார்த்திகையும் ஒரே மண்ணில் மாறிமாறி வருகின்றன. அண்மையில் உள்ள சென்னையும் 2015-இல் வெள்ளத்தில் மூழ்கி, 2019-இல் இரயில் வண்டியில் குடிநீர் வரவழைத்ததை நீங்கள் அறிவீர்கள்.

அப்படியாயின் ஏரியை ஆழப்படுத்திக் கரையை உயர்த்திவிட்டால் போதுமே என்று சிலர் சொல்லக்கூடும். அங்குதான் வரலாறு நமக்கு ஆசிரியராக அமைகிறது.

முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகளை நீங்கள் பாடநூலில் படித்திருப்பீர்கள். குடவோலை முறையில் ஆட்களைத் தேர்ந்து, தோட்ட வாரியத்திற்குப் பன்னிருவரையும் ஏரி வாரியத்திற்கு அறுவரையும் அமர்த்தினர். ஓராண்டுக்குப் பின் அவர்கள் மாறவேண்டும். கணக்குக் காட்டாதவர் மீண்டும் தேர்வுபெறல் ஆகாது. மண்ணால் கட்டிய கரை பல நூற்றாண்டுகள் நிலைத்ததற்கு இந்த முறையும் ஒரு காரணம்.

ஆனால் பழமையென்றால் அனைத்தும் பொன் என்று நான் சொல்லவில்லை. அந்த வாரியத்தில் அமர நிலம் வேண்டும், வேதக் கல்வி வேண்டும். 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டின்படி வயது முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் இருத்தல் வேண்டும். மண் சுமந்த பெண்ணுக்கும், நள்ளிரவில் கரையைக் காத்த கூலியாளுக்கும் அங்கு இடமில்லை. உழைப்பு ஒருசாராருடையதாகவும் அதிகாரம் மற்றொரு சாராருடையதாகவும் இருந்த குறை அது. பிற்காலத்தில் குடிமராமத்து என்னும் பெயரில் ஏழைகள் கட்டாய வேலைக்கு இழுக்கப்பட்டதும் உண்டு. 1858-இல் சென்னை மாகாணத்தில் அதற்கெனக் கட்டாய உழைப்புச் சட்டமே இயற்றப்பட்டது. நாம் மீட்கவேண்டியது பொதுக்கடமை என்னும் கருத்தை. அதனோடு ஒட்டியிருந்த உயர்வு தாழ்வை அன்று.

புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்தபோது, ஏரிப் பாசனத்தை நடத்த உழவர் சங்கங்களும் பொது நிதியும் இருந்தன. பாசனம் பெறுவோர் செலுத்திய தொகையைக் கொண்டு வாய்க்கால் வேலைகள் நடந்தன. 1954-இல் ஆட்சி மாறி, 1962-இல் சட்டப்படி இந்தியாவோடு இணைப்பு நிறைவேறிய பின்னர், ஏரிகள் பொதுப்பணித் துறையின் பொறுப்பாயின. ஆழ்துளைக் கிணறுகளும் மின்சார இறைப்பான்களும் பெருகின. உழவர் தத்தம் வயலில் தத்தம் கிணற்றை வைத்துக்கொண்டபின், ஏரி நிரம்பியதா என்று கவலைப்படுவோர் குறைந்தனர். வாய்க்காலில் குப்பை சேர்ந்தது; நீர்ப்பிடிப்பில் வேலிக்காத்தான் மண்டியது; கரையோரம் வீடுகள் எழுந்தன. ஏரியைக் கெடுக்கவேண்டும் என்று எவரும் எண்ணவில்லை. அது தம் வேலை என்று எவரும் எண்ணாததே அதனைக் கெடுத்தது.

இந்நிலையை மாற்ற 1990-களின் இறுதியில் ஒரு முயற்சி தொடங்கியது. புதுச்சேரிப் பகுதியில் உள்ள 84 ஏரிகளையும் புதுப்பிக்க ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியோடு அரசு ஒரு திட்டத்தை மேற்கொண்டது. அதன் சிறப்பு என்னவென்றால், தூர்வாரும் பொறிகள் வருவதற்கு முன்பே ஊர்தோறும் ஏரிப் பயனாளர் சங்கம் அமைக்க முயன்றதாகும். பாகூர்ப் பகுதியில் புதுவை அறிவியல் இயக்கத்தின் ஊரக மேம்பாட்டு மையம் போன்ற தொண்டு அமைப்புகள் இதற்குத் துணைநின்றன. நிலமுடையோர் மட்டுமன்றி நிலமில்லாதாரும் பெண்களும் சங்கத்தில் இடம்பெற வேண்டும் என்பது அதன் கொள்கை. உத்தரமேரூர் விட்ட குறையை நிரப்பும் முயற்சி அது. ஆடு மேய்ப்பவருக்கு ஏரிப் புல் வேண்டும். மீன் பிடிப்பவருக்கு ஆழ்ந்த மடு வேண்டும். துணி வெளுப்பவருக்குப் படித்துறை வேண்டும். உழவருக்கு வண்டலும் நீரும் வேண்டும். ஏரியால் பயன்பெறுவோர் அனைவரும் ஒரு பாயில் அமர்ந்து பேசினால்தான் ஏரி எல்லார்க்கும் உரியதாகும்.

திட்டம் முடிந்தது, நிதியும் நின்றது. அதன்பின் சங்கம் உயிரோடிருந்த ஊரில் மதகும் வாய்க்காலும் கண்காணிப்புப் பெற்றன. சங்கம் பெயரளவில் நின்ற ஊரில் வேலிக்காத்தான் மீண்டும் முளைத்தது. தூர்வாரிய ஏரி மறுபடியும் தூர்ந்துபோகும். அது நீரின் இயல்பு. ஆகையால் மருந்து ஒருநாள் வெட்டும் மண்ணில் இல்லை. ஆண்டுதோறும் ஆவணி புரட்டாசியில் வாய்க்காலைப் பார்வையிட யாருக்குக் கடமை, யாருக்கு அதிகாரம், யாரிடம் கணக்கு என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை இருப்பதே மருந்து.

இது சிற்றூரின் கதைதானே, நகரத்திற்கு என்ன வந்தது என்று புதுச்சேரி நகரத்து மாணவர் எண்ணலாகாது. நகரத்துப் பூங்காவில் வெள்ளை வெளேரென நிற்கும் ஆயி மண்டபத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஆயி என்னும் பெண் தன் மாளிகையை இடித்துவிட்டு அவ்விடத்தில் முத்திரைப்பாளையத்துக் குளத்தை வெட்டுவித்தாள் என்பது செவிவழிக் கதை. அப்பகுதியிலிருந்துதான் மூன்றாம் நெப்போலியன் காலத்தில் நகரத்திற்குக் குடிநீர் கொண்டுவரப்பட்டது. அதன் நினைவே அந்த மண்டபம். நகரம் சிற்றூரின் நீரைக் குடித்தே வளர்ந்தது. இன்றும் புதுச்சேரி நகரம் பெரும்பாலும் நிலத்தடி நீரையே நம்பி வாழுகிறது. கடலோரத்தில் நன்னீரை மிகுதியாக இறைத்தால் அவ்விடத்தில் உவர்நீர் ஏறும். ஏரிகள் நிறைந்து மண்ணுக்குள் நீர் இறங்கினால்தான் உவர்நீரைத் தடுத்து நிறுத்தலாம்.

நகரத்துக்குள்ளேயே கனகன் ஏரி, வேல்ராம்பட்டு ஏரி போன்றவை இருக்கின்றன. அவற்றின் நீர் பாய்ந்த வயல்கள் பெரும்பாலும் மனைகளாகிவிட்டன. வயல் போனதும் அவற்றைக் காக்கும் உழவரும் போயினர். ஆயக்கட்டு இழந்த ஏரி, பெற்றோரை இழந்த பிள்ளையைப் போன்றது. ஆயினும் நான் உங்களைக் கேட்கிறேன்: அந்த ஏரிக்கு ஆயக்கட்டு உண்மையாகவே இல்லையா? அதனைச் சுற்றியுள்ள ஒவ்வொரு வீட்டின் ஆழ்துளைக் கிணறும் அந்த ஏரியின் நீரைத்தானே மறைவாக உண்கிறது? அக்கிணறே நகரத்தாரின் வயல். எனவே நகரத்தாரும் ஆயக்கட்டுதாரரே. அவர்களும் ஏரி வாரியத்திற்கு உரியவர்களே.

இங்கு ஒரு சிக்கலை மறைக்காமல் சொல்லவேண்டும். கார்த்திகை மாதத்தில் ஏரி நிரம்பியிருக்க வேண்டும் என்று உழவர் விரும்புவார். நவரைப் பட்டத்துக்கு அதுவே அவருடைய முதல். பெருமழை வருமுன் ஏரியில் இடம் ஒழிந்திருக்க வேண்டும் என்று தாழ்வான தெருவில் குடியிருப்பவர் விரும்புவார். நிரம்பிய ஏரி வெள்ளத்தைத் தாங்காது. ஒழிந்த ஏரி பயிரைத் தாங்காது. புயல் எச்சரிக்கை வந்த இரவில் மதகை எவ்வளவு திறப்பது? திறந்துவிட்ட பின் மழை பொய்த்தால் உழவருக்கு ஈடு தருவது யார்? மண்வெட்டியாலோ பொறியாலோ தீர்க்கக்கூடிய வினாக்களல்ல இவை. ஊராரும் நகரத்தாரும் பொறியாளரும் முன்கூட்டியே கூடியமர்ந்து, எழுதி வைத்துக்கொள்ள வேண்டிய உடன்படிக்கை. அத்தகைய பொது அவை இல்லாவிடில், புயல் வந்த இரவில் வலியவர் சொல்லே சட்டமாகும்.

உலகத்தின் பிற பகுதிகளிலும் இக்கல்வியைக் கற்றுவருகின்றனர். டென்மார்க்கு நாட்டின் கோப்பன்கேகன் நகரில் 2011-ஆம் ஆண்டு சூலை 2-ஆம் நாள் சில மணி நேரத்தில் கொட்டிய மழையால் பெருஞ்சேதம் விளைந்தது. அதன்பின் அவர்கள் பூங்காக்களையும் தெருக்களையும் மழைநீர் தங்கிச் செல்லும் இடங்களாகத் திருத்தத் தொடங்கினர். சீன நாடு 2015-இல் பதினாறு நகரங்களைத் தேர்ந்து, கடற்பஞ்சைப்போல் நீரை உறிஞ்சும் நகரங்களாக மாற்ற முற்பட்டது. ஆனால் அத்தகைய பணிகள் நடந்துவந்த செங்சௌ நகரிலும், 2021 சூலையில் ஒரே மணி நேரத்தில் 20 சென்டிமீட்டர் மழை பெய்தபோது பெருந்துயரம் நேர்ந்தது. இயற்கைவழித் தீர்வுக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை நாம் உணரவேண்டும். அது இடரைக் குறைக்கும், முற்றும் ஒழிக்காது. எச்சரிக்கையும் தாழ்ந்த இடத்தில் வீடு கட்டாத அறிவும் அதனோடு சேரவேண்டும்.

நம் அருகிலேயே கோயம்புத்தூரில் 2017 முதல் தன்னார்வலர் பலர் ஞாயிறுதோறும் கூடிக் குளங்களைச் சீர்செய்துவருகின்றனர். பேரூர்ப் பெரியகுளத்தில் தொடங்கிய அப்பணி வெள்ளலூர்க் குளத்திற்கும் சென்றது. நெடுநாள் வறண்டுகிடந்த அக்குளத்தின் வாய்க்காலைச் சீராக்கி நீர் வரச் செய்தனர். ஒரு நாள் விழாவாக முடியாமல் ஞாயிறுதோறும் என்று அமைந்ததே அப்பணியின் வலிமை. நாள் குறித்துத் தொடர்ந்து கூடுவோர் இருந்தால், அதுவே வாரியத்தின் வித்து.

மாணவர்களாகிய உங்களால் என்ன செய்யக்கூடும்? நான்கு செயல்களைச் சொல்லுகிறேன். முதலாவது, உங்கள் தெருவில் விழும் மழைநீர் எந்த வாய்க்கால் வழியே எந்த ஏரிக்குச் செல்லுகிறது என்று நடந்து சென்று கண்டு, ஒரு படம் வரையுங்கள். எங்கே அடைபட்டிருக்கிறது என்பதை அப்படமே காட்டும். இரண்டாவது, பள்ளியில் ஒரு மழைமானி வையுங்கள். மதகருகே பாதுகாப்பான இடத்தில் நின்று வாரம் ஒருமுறை நீர்மட்டத்தைக் குறியுங்கள். பத்தாண்டுக் குறிப்பு ஒன்று இருந்தால், பொறியாளரும் அதனைக் கேட்டு வாங்குவார். மூன்றாவது, மழைக்கு முன் கரைகளில் பனங்கொட்டை ஊன்றுங்கள். பனை வேர் மண்ணைப் பற்றிக் கரையைக் காக்கும். ஆனால் நீர்ப்பிடிப்புக்குள் மரம் நட்டு ஏரியின் இடத்தைக் குறைத்துவிடாதீர்கள். ஆர்வம் அறிவோடு சேரவேண்டும். நான்காவது, ஏரியை அழகுபடுத்துவதாகச் சொல்லி அதன் விளிம்பெல்லாம் சிமெண்டுப் பாதை போட முற்படும்போது, நீர் வரும் வழி எங்கே, பறவைக்கும் நாணலுக்கும் இடம் எங்கே என்று பணிவோடும் உறுதியோடும் கேளுங்கள்.

இந்த நான்கும் உங்கள் பாடத்திற்கு இடையூறு என்று பெற்றோர் எண்ணக்கூடும். நிலவியலும் கணக்கும் உயிரியலும் குடிமையியலும் ஏரிக்கரையில் ஒருங்கே கிடைக்கின்றன என்பது நெடுநாள் வகுப்பறையில் நின்ற எனது துணிபு. கரும்பலகையில் நான் வரைந்து காட்டிய கலிங்கலைவிட, நீர் வழியும் கலிங்கலின் ஓசை மாணவர்க்கு மிகுதியாகக் கற்பித்தது.

1048-ஆம் ஆண்டில் திருபுவனை ஊரார் தம் மாணவர்க்கு விலக்கு அளித்தது அவர்கள்மேல் வைத்த அன்பினால். அக்காலத்தில் ஏரியைக் காக்க வேறு ஆட்கள் இருந்தனர். அதனால் அளிக்க முடிந்தது. இன்று அந்த இடங்கள் ஒழிந்துகிடக்கின்றன. ஊசுட்டேரியிலும் பாகூரிலும் வந்திறங்கும் பறவைகளும், இனிப் பிறந்து அந்த நீரைக் குடிக்கப்போகும் குழந்தைகளும் அவற்றில் அமர இயலாது. அமரக்கூடியவர்கள் நீங்களே. ஆகவே, பழைய விலக்கை நீங்களே விரும்பித் துறந்து, உங்கள் ஊர் ஏரியின் வாரியத்திற்கு உங்கள் பெயரை எழுதித் தாருங்கள். வாரியம் இல்லாத ஊராயின், அதனைத் தொடங்கும் ஓலையில் முதற்பெயர் உங்களுடையதாக இருக்கட்டும்.